தண்ணி ஆகாத பெரியவருக்குக் கடலோரத்தில் ஒரு ரூம்

அந்த போன் வந்தபோது நான் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மாலையும் பார்த்திருந்தேன். ஓடாத டயரில் காற்று எங்கே போகும் என்று என் மனைவி சாந்தி கேட்பாள். போகும். எனக்குப் போயிருக்கிறது.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு போர்டு, சொந்தமாக ஒரு கார். இதுதான் என் டிராவல்ஸ். வண்டி ஓட்டுவதோடு மகாபலிபுரம் பக்கம் ரூம் பார்த்துக் கொடுப்பதும் உண்டு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். படித்தவர்கள் மறதியாக விட்டுவிடுவதைக்கூட நான் பயத்தால் விடமாட்டேன். அதை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டியாகிவிட்டது. புதிதாக லைனுக்கு வருகிற டிரைவர் பிள்ளைகள், "அண்ணாத்த, பார்ட்டிகிட்ட இன்னா இன்னா கேக்கணும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போனில் பேசியவர் பெயர் சதீஷ். பெங்களூரில் வேலை. அப்பா வேதாசலம், அம்மா கனகம்மா, இருவரும் மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்தில். தை மாதம் அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாள்.

"கடலோரத்துல ஒரு நாளாவது தங்கணும்னு அம்மா ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க அண்ணே. படுத்துக்கிட்டே அலைச் சத்தம் கேக்கணுமாம். எனக்கு லீவு கிடைக்கல. நீங்களே நல்ல இடமாப் பாத்து, கூட்டிட்டுப் போய், கூடவே இருந்து கொண்டாந்து விட்டுடுங்க."

"செஞ்சுடலாம் சார். பெரியவங்களுக்கு முட்டி வலி, சுகர், அந்த மாதிரி எதுனா?"

"அம்மாவுக்கு முட்டி. படி ஏற மாட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "அப்பாவுக்குத் தண்ணி ஆகாது. அதுதான் பெரிய விஷயம். போன வருஷம் தண்ணியாலதான் ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்தாரு. தண்ணி பக்கமே விடாதீங்கன்னுட்டாரு டாக்டர். ஆனா தண்ணியைக் கண்டா அவருக்குக் கை கால் நிக்காது. அம்மாகிட்ட இதைப் பத்திப் பேச்செடுக்காதீங்க, அழுதுடுவாங்க."

"புரியுது சார். எங்க சித்தப்பாவே தண்ணியாலதான் போயிட்டாரு."

"அய்யய்யோ," என்றார், நிஜமான வருத்தத்தோடு.

இடம் பார்த்தது

மகாபலிபுரத்துக்கு வடக்கே ஒரு ரிசார்ட்டுக்கு முதலில் போனேன். தரைத்தளத்தில் ரூம். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி. கடலுக்குப் போகிற வழியில் கயிறு கட்டி, விசிலோடு ஓர் ஆளைக்கூட உட்கார வைத்திருந்தார்கள். எல்லாம் சரி. ரிசப்ஷனில் இருந்த பையனிடம், "இங்க பார் இருக்கா தம்பி?" என்றேன்.

"பூல் பக்கத்துலயே இருக்கு சார். சாயந்திரம் ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ."

பெரியவர் நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டினால் போதும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அடுத்தது ஊருக்குள் ஒரு லாட்ஜ். கடல் தெரியும், ஆனால் மாடியில். கனகம்மா முட்டிக்கு ஆகாது. போதாக்குறைக்குத் தெருமுனையில் ஒயின் ஷாப். இன்னும் ஒன்றில் எல்லாம் பொருந்தியது. கிளம்பும்போது அதன் மதில் ஓரம் காலி பாட்டில்கள் கிடந்ததைப் பார்த்தேன். அதையும் விட்டேன்.

வீட்டுக்கு வந்து புலம்பினால் சாந்தி சிரித்தாள். "ஊருல கீற பிராந்திக் கடைய எல்லாம் மோந்துகினு திரியிற. பாக்கறவன் உன்னத்தான் குடிகாரன்னு சொல்லப் போறான்."

கடைசியில் புதுப்பட்டினம் போகிற வழியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் அமைந்தது. சைவச் சாப்பாடு. படியே இல்லை. கட்டிலில் படுத்தால் ஜன்னலில் கடல். பின்பக்க கேட்டைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டினால் அலை. அக்கம்பக்கத்தில் எந்தக் கடையும் கிடையாது. அந்த இடத்தில் கரை சட்டென்று சரியும், அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் முட்டி வலிக்காரம்மாவும் குடிக்கிற பெரியவரும் கடலுக்குள் இறங்கவா போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

வாட்ச்மேன் ஏழுமலை பக்கத்து மீனவர் குப்பத்துக்காரன். அவனைத் தனியாக அழைத்துச் சொன்னேன்: "வர்ற பெரியவரு மேல ஒரு கண்ணு இருக்கட்டும். ரோட்டுப் பக்கம் கிளம்பினா உடனே எனக்குக் குரல் குடு. கடல் பக்கம் போனா உட்டுடு, காத்து வாங்கட்டும்."

"இன்னா அண்ணாத்த, அல்லாரும் கடல் பக்கம் உடாதன்னுதான் சொல்லுவாங்கோ. நீ தலைகீழா சொல்லிகினு கீற?"

"அவரு கேஸ் வேற."

பாட்டில்

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். கனகம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெரியவர் நல்ல உடற்கட்டு. குடித்துக் கெட்டவர் மாதிரியே இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மடியில் ஒரு மஞ்சள் பை. அதைக் கீழே வைக்கவே இல்லை. ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போதெல்லாம் உள்ளே கண்ணாடிச் சத்தம் கேட்டது.

திருக்கழுக்குன்றத்தில் கீழ்க்கோயிலைக் கும்பிட இருவரும் இறங்கினார்கள். பை வண்டியில் இருந்தது. அடுத்தவர் பையைத் தொடுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் தொட்டேன். துண்டில் சுற்றி ஒரு குவார்ட்டர் பாட்டில். மூடியைத் திறந்து மோந்தேன்.

நல்லெண்ணெய்.

அந்த எள்ளு வாசனையில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. கோயில் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். திரும்பி வந்த பெரியவர், பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "நாளிக்கி சனிக்கெழமடா தம்பி," என்றார், ஏதோ திருவிழாவைச் சொல்வது போல. "ஆமாங்க," என்றேன்.

சனிக்கிழமை ஆம்பிளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டிலும் அதுதானே வழக்கம்.

விடிந்ததும்

காலையில் டீ கிளாஸோடு முன்பக்க கேட்டில் ரோட்டைப் பார்த்து நின்றேன். ஒரு கண் ரோட்டில், ஒரு கண் ரூம் கதவில். ஏழுமலை வந்து, "பெரியவரு பின்னால போனாரு அண்ணாத்த. நீ சொன்னாப்புல உட்டுட்டேன்," என்றான்.

கொஞ்சத்தில் கனகம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "அவரைப் பாத்தியா தம்பி?"

"கவலப்படாதீங்கம்மா. கடைப் பக்கமே போகல. கடல் பக்கம்தான் போனாரு."

"இன்னா கடை?"

தயங்கினேன். "சார் சொன்னாருங்க, அய்யாவுக்குத் தண்ணி ஆகாதுன்னு."

"ஆகாதுன்னு சொன்னாம்பா இல்ல? அப்புறம் எப்புடி ஒண்டியா கடலுக்கு உட்ட? ஏரியில குளிச்சிகினு இருக்கும்போதே வலிப்பு வந்து முழுகின மனுஷன்! முடியப் புடிச்சு இழுத்துப் போட்டாங்கோ!"

கிளாஸ் எங்கே விழுந்தது என்று தெரியாது. மணலில் ஓடினால் கால் புதைகிறது, ஓட்டமாகவே இல்லை. ஏழுமலை என்னைத் தாண்டிப் போனான். கேட் ஓரத்தில் காலி எண்ணெய் பாட்டில். மடித்து வைத்த வேட்டி. பெரியவர் கோவணத்தோடு இடுப்பளவு தண்ணீரில், வெயிலில் பளபளவென்று, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அடுத்த அலை வந்தது. ஆளைக் காணோம். தலை தெரிந்தது, மறுபடியும் இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது. கரையில் நின்று, "அய்யா, அய்யா" என்று கத்தினேன்.

ஏழுமலை பாய்ந்து கையைப் பிடித்தான். எண்ணெய்க் கை, வழுக்கிவிட்டது. தோளைப் பிடித்தான், அதுவும் வழுக்கியது. அலை திரும்பி இழுக்க இரண்டு பேருமே சரிந்தார்கள். கடைசியில் இடுப்பில் இருந்த அரைஞாண்கயிறு அவன் விரலில் மாட்டியது. அதைச் சுருட்டிப் பிடித்துக் கரைக்குத் தரதரவென்று இழுத்து வந்தான்.

பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலிப்பும் இல்லை. கோபம்தான். "உடுறா டேய்! ஏரிய இக்கரையிலருந்து அக்கரைக்கு நீந்தினவன்டா நானு. கடலாண்ட வந்துட்டு குளிக்காம பூட்டா இன்னாடா அர்த்தம்?"

அதற்குள் முட்டியைப் பிடித்தபடி கனகம்மா வந்து சேர்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. அழவில்லை.

"அலைச் சத்தம் கேட்டுகினே தூங்கணும்னுதான் ஆசப்பட்டேன். தாலி அறுப்புச் சத்தம் கேக்க இங்க வரல," என்றார்.

பெரியவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். தலையிலிருந்து எண்ணெயும் உப்புத்தண்ணீரும் மூக்கில் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை.

பின்பக்க கேட்டை ஒட்டி, கால் கழுவ ஒரு குழாய் இருந்தது. கனகம்மா அங்கே ஒரு ஸ்டூலைப் போடச் சொல்லி, கடலைப் பார்த்தாற்போல அவரை உட்கார வைத்தார். மஞ்சள் பையில் சீயக்காய்ப் பொட்டலமும் இருந்திருக்கிறது. ஏழுமலை வாளியை நிரப்பிக்கொண்டே இருந்தான்.

"முதுகுல அழுத்தித் தேய்ம்மே, எண்ணெ போவல."

"கண்ண மூடு மொதல்ல. சீயக்கா பூடும்."

"மூடினா கடலு எப்புடித் தெரியும்?"

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. குளித்து முடித்து இருவரும் உள்ளே போனதும் பின்பக்க கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, கிளம்புகிற வரைக்கும் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். பெரியவர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "இன்னா ஜெயில் வார்டரய்யா, சாப்ட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மதியம் சதீஷுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"தண்ணின்னு தெளிவாச் சொன்னேனே அண்ணே!"

"தண்ணின்னுதான் சார் சொன்னீங்க."

பிறகு அவர் மெதுவாக, "அப்ப உங்க சித்தப்பா..." என்றார்.

"குடிச்சு சார்."

அப்புறம்

நான் கவலைப்படாமல் இருந்த நாள் கிடையாது. அந்த ரூமைப் பார்க்க நான் அலைந்த மாதிரி எந்த ஏஜெண்டும் அலைந்திருக்க மாட்டான். அவ்வளவும் வேறு ஏதோ ஒரு பெரியவருக்காக. என் சித்தப்பாவுக்காக என்றுகூடச் சொல்லலாம். பிள்ளைகளே, பார்ட்டி ஒரு வார்த்தை சொன்னதும் "புரியுது சார்" என்று சொல்லாதீர்கள். புரியவில்லை என்று இன்னொரு தடவை கேட்டால் போனில் நாலு வார்த்தை கூடும். அவ்வளவுதான்.

நானும் இப்போது கேட்டுவிடுகிறேன். போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். அப்பா அம்மா கல்யாண நாளுக்குக் கடல் தெரிகிற ரூம் வேண்டும். "அப்பாவுக்குத் தண்ணி மட்டும் ஆகாதுங்க," என்றாள்.

"குளிக்கிற தண்ணியாம்மா, குடிக்கிற தண்ணியா?"

"குடிக்கிற தண்ணிதாங்க."

"அப்ப பார் இல்லாத இடமாப் பாக்குறேன்."

"பாரா? அய்யோ, அப்பாவுக்குக் கிட்னிங்க. பச்சத் தண்ணியக்கூட அளந்துதான் குடிக்கணும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "மொதல்லருந்து சொல்லும்மா," என்றேன்.