இடக்கைக்கு எந்த எண்?

தெஹியோவிட்ட பஜாரில், அவிசாவளை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த போட்டோகொப்பிக் கடையில் அப்போது எனக்கு வேலை. அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் கடிதம் அடிப்போம், விண்ணப்பம் அடிப்போம். ஓய்ந்த நேரத்தில் முதலாளி அதிலேயே கிரிக்கெட் ஆடுவார். அவர் மத்தியானம் சாப்பிடப் போனால், திரும்பும் வரை அது என்னுடையது.

ஆடுவதில் எனக்குப் பெரிய ஆசை இல்லை. ஆட்டத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என்னைக் குடைந்தது. திரை அணைந்ததும் அந்தச் சின்ன மனிதர்கள் எங்கே போய்ப் படுக்கிறார்கள்?

ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்துகொண்டே போனேன். பெரும்பாலும் கறையான் அரித்தது போன்ற எழுத்துக் குப்பை. ஒரே ஒரு ஃபைலில் மட்டும் பெயர்கள். வரிக்கு ஓர் ஆட்டக்காரர், பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி எண்கள். தூரதேசத்து அணியில் ஒரு பெயரை அழித்து, எங்கள் தோட்டத்து டிவிஷனில் முதல் ஆளாகத் துடுப்பெடுக்கும் கூட்டாளியின் பெயரை அடித்தேன். ஆட்டம் திறக்கவே இல்லை. நல்ல வேளை, கைவைக்கும் முன் அந்த ஃபைலுக்கு ஒரு கொப்பி எடுத்து வைத்திருந்தேன். கொப்பி எடுப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

பெயருக்கென்று அவர்கள் விட்டிருந்த இடம் சின்னது. அப்பா பெயரோடு வரும் எங்கள் பெயர் அதற்குள் அடங்காது. லயத்து வீடுகளில் கூப்பிடும் பெயரை அடித்தேன். திறந்தது. கூட்டாளி ஸ்கோர் பலகையில் வந்து நின்றான். ஒரு வாரத்துக்குள் எங்கள் டிவிஷன் பையன்கள் அத்தனை பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

வீட்டில் இதைப் பீற்றிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்: "எல்லாப் பயலையும் போட்டுட்ட. என் பேரு எங்கடா?"

அது சும்மா சொன்ன பகிடி இல்லை. லயத்து வாசலில் அவள் போட்ட பந்தை எங்களில் ஒருவரும் ஒழுங்காக அடித்ததில்லை. இடக்கைப் பந்து, பாம்பு மாதிரி வரும். பெரியவளானதும் அது நின்றது. கிரவுண்டில் அவள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. றப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகும்போது ஓரமாகக் கடந்து போவாள், அவ்வளவுதான். இப்போது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பாஸ்போர்ட் வந்திருந்தது. ஏஜென்சியில் கொடுக்க அதைக் கொப்பி எடுக்க ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருவாள்.

"வரும்போது ஒரு ஓவர் போட்டுட்டுப் போறேன்" என்றாள். அரிசி களைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

பெயர் எளிது. இடக்கைக்கு எந்த எண்? எண்களுக்கு மேல் தலைப்பு எதுவும் இல்லை. ஒன்றை மாற்று, சேமி, ஆட்டத்தைத் திற, அது திறக்கும் வரை பிளேன்டீயைக் குடி, பார். ஒரு எண்ணுக்கு ஆள் கறுத்தான். இன்னொன்றுக்குத் தொப்பி போய் ஹெல்மெட் வந்தது. ஒன்றுக்கு எதுவுமே நடக்கவில்லை; அது எதற்கு இருந்தது என்று இன்றைக்கும் சில வேளை யோசிப்பேன். ஒன்றுக்குத் துடுப்பை இடப்பக்கமாகத் திருப்பிப் பிடித்தான். நெருங்கிவிட்டேன். பக்கத்தில் நின்ற பூச்சியத்தை ஒன்றாக்கினேன். பந்து இடக்கைக்கு மாறியது. அது சனிக்கிழமை மத்தியானம். வெறும் கடையில் நின்று கை தட்டினேன்.

மறுநாள் முதலாளி சாப்பிடப் போன பின் அக்கா வந்தாள். நான் கொப்பி எடுத்துக் கொடுத்ததும் பாஸ்போர்ட்டை மெஷின் மேல் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் அவள் பெயர். பந்தோடு ஒருவன் வெகு தூரத்திலிருந்து ஓடி வந்தான்.

"யாருடா இது?"

"நீதான்."

"மீசையோடயா?" சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "கை சரி. ஆனா நான் எங்கடா இவ்வளவு தூரம் ஓடுனேன்? நம்ம வாசல்ல இப்படி ஓடுனா காணுக்குள்ள இல்ல கிடப்பேன்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. லயத்து வாசலின் குறுக்கே தண்ணீர் போகும் காண். அதற்கு இந்தப் பக்கம் நின்று, ரெண்டு மூணு எட்டு வைத்து, தோளைச் சுழற்றி அவள் வீசுவாள். அந்த வேகம் முழுக்க இடமில்லாமையில் பழகிய வேகம். வேகமாகப் போடுகிறவர்கள் தூரத்திலிருந்துதான் வருவார்கள், கிட்ட இருந்து வந்தால் மெதுவான சுழல் பந்துதான் என்று விளக்கினேன்.

"யாரு சொன்னா?"

அந்தக் கேள்வி என்னை மறுபடி ஃபைலுக்குள் தள்ளியது. ஓட்டத்துக்கு ஓர் எண், வேகத்துக்கு ஓர் எண். ஆட்டத்தைச் செய்தவர்கள் எல்லா வரியிலும் இரண்டையும் சோடியாகவே வைத்திருந்தார்கள். சோடியைப் பிரித்தால் என்ன ஆகும்? பிரித்தேன். குறுகிய ஓட்டம், உச்ச வேகம். திறக்காது என்றே நினைத்தேன். அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திறந்தது. மீசைக்காரன் ரெண்டு மூணு எட்டு வைத்தான், தோள் சுழன்றது, குச்சிகள் பறந்தன.

"இப்ப நான்தான்" என்றாள் அக்கா.

பின்னால் முதலாளி நின்றிருந்தார், பல்குச்சியோடு. "மே கவுத, மல்லி?" இது யார், தம்பி என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"மகே அக்கா" என்றேன்.

என் அக்கா என்றதும் அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, கீபோர்டில் அம்புக்குறிகள் இருந்த பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தான் துடுப்பெடுப்பதாகச் சிங்களத்தில் சொன்னார். முடிந்தால் அடியுங்கள் என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள்.

முதல் பந்தை அவர் எல்லைக்கு அனுப்பினார். பந்து காலடியில் விழ எந்தப் பொத்தான் என்று அக்கா என்னிடம் கேட்டாள். இடக்கை விரலால்தான் அமுக்கினாள். அவருடைய நடுக்குச்சி போனது. அவர் கீபோர்டைக் குறை சொன்னார். மறுபடியும் போனது. ஓவர் முடிந்ததும் இன்னொன்று போடச் சொன்னார். எதிரே பஸ் ஹோர்ன் அடித்தது. மெஷினிலிருந்த பாஸ்போர்ட்டையும் கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

படியில் நின்று சொன்னாள்: "அந்த மீசைய எடுத்துருடா."

முகங்கள் படங்களாக வேறொரு ஃபோல்டரில் கிடந்தன. அக்கா பிளேன் ஏறிய வாரத்தில் அதைக் கண்டுபிடித்து, மீசையைப் புள்ளி புள்ளியாகத் தோல் நிறத்தால் மூடினேன். ஆட்டத்தைத் திறந்தால் எங்கள் டிவிஷனில் பாதிப் பேருக்கு மீசை இல்லை. ஆட்டத்தைச் செய்தவர்கள் ஒரே முகத்தைத்தான் அந்தப் பாதிப் பேருக்கும் மாட்டியிருந்தார்கள்.

பையன்கள் கடைக்கு வந்து சண்டை பிடித்தார்கள். மீசையைத் திருப்பிக் கேட்டார்கள். அப்படியே விட்டுவிட்டேன்.