சுத்தமான டயர்: ஜவ்வாது மலையில் ஒரு பயிற்சி வாரம்

“டீச்சர், நான் காப்பி அடிச்சதை நீங்க பாக்கவே இல்லையே, அப்புறம் எப்படிச் சொல்றீங்க?”

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. அறிவியல் ஆசிரியையாக இருந்த காலத்தில் நான் அவளுக்குச் சொன்ன பதில்: இரண்டு பேருக்கு ஒரே சரியான விடை வரலாம். ஒரே தவறான விடை வந்தால், அதுவும் அடுத்தடுத்த இருக்கையில் வந்தால், நான் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. தடயம் பேசும். அந்தப் பதிலை நம்பித்தான் இந்த டிசம்பரில் ஜவ்வாது மலையில் ஒரு வாரம் முழுக்க இன்னொரு பெண்ணின் சைக்கிள் டயரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்றபின் மலைப்பாதை சைக்கிள் பந்தயங்களில் ஓட்டுகிறேன். வேகம் இல்லை, பொறுமை உண்டு. எங்கள் வட்டாரத்துச் சிறிய குழு ஒன்று ஜமுனாமரத்தூரில் பயிற்சி வாரம் நடத்துவதாகச் சொன்னதும் பெயர் கொடுத்தேன். திங்கள் முதல் ஞாயிறு வரை. செவ்வாய், வியாழன், ஞாயிறு பந்தயம், சனி ஓய்வு, மற்ற நாட்களில் பயிற்சி. தங்கல், சாப்பாடு சேர்த்து 4,500 ரூபாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை திருவண்ணாமலையிலிருந்து கிளம்பினேன். போளூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து மலைக்கு இன்னொன்று. மலைக்குப் போகும் பஸ் அடிக்கடி கிடையாது. ஒன்றைத் தவறவிட்டால் பேருந்து நிலையத்தில் இரண்டு டீ குடிக்கலாம். முன்சக்கரத்தைக் கழற்றிக் கடைசி இருக்கைக்குப் பின்னால் சைக்கிளைச் சாய்த்தபோது நடத்துநர் வந்தார்.

“இன்னா மேடம், சைக்கிளை வச்சிக்கினு பஸ்ல வர்றீங்க?”

“மேலே போய் ஓட்டத்தான்.”

“இங்கயே ஓட்டிக்கினு வந்தா டிக்கெட் மிச்சம்ல?” என்று சிரித்துவிட்டு, சைக்கிளுக்கும் சேர்த்துக் கிழித்தார்.

பயிற்சியாளர் பிரபுவுக்கு முப்பது வயதிருக்கும். முன்பு நன்றாகப் பந்தயம் ஓட்டியவர். வந்திருந்த பதினான்கு பேரில் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் இரண்டே பேர், நானும் மும்தாஜும். அதாவது, எங்களில் யார் முதலிடம் வராவிட்டாலும் அவர்தான் கடைசி இடம். ஞாயிறு பந்தயத்தில் எங்கள் பிரிவில் முதலில் வருபவர் குழுவின் சார்பில் வெளிமாநிலப் பந்தயத்துக்குப் போவார் என்று பிரபு முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

மும்தாஜுக்கு வாணியம்பாடி. கணவரோடு செருப்புக் கடை நடத்துகிறார், வயது ஐம்பத்திரண்டு. நாங்கள் எல்லாரும் பெடலோடு கிளிக்கென்று பூட்டிக்கொள்ளும் விலை கூடிய காலணியில் இருந்தோம். அவர் மட்டும் நாடாவே இல்லாத சாதாரணக் கேன்வாஸ் ஷூவில் வந்திருந்தார். செருப்புக் கடைக்காரர் காலில் இதுவா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மலைப்பாதையில் ஒரே ஏற்றத்தை ஆறு முறை ஏறவைத்தார் பிரபு. காலையில் நல்ல குளிர், விரல்கள் பிரேக்கைப் பிடிக்க மறுக்கும். இரண்டாவது ஏற்றத்தில் மேற்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டவேண்டியிருக்கும். அன்று மும்தாஜ் ஒவ்வொரு முறையும் எனக்குப் பின்னால்தான் வந்தார். அதனால் செவ்வாய்க்கிழமை நான் நிம்மதியாகத் தூங்கி எழுந்தேன்.

பந்தயப் பாதை 14 கிலோமீட்டர், ஒரே சுற்று. பலாவும் நாவலுமாக நிற்கும் ஏற்றம், பிறகு சாமை அறுத்த கொல்லைகள், எட்டாவது கிலோமீட்டரில் ஒரு சிற்றூர், அதன்பின் உருளைக்கல் இறக்கம். வழி நெடுக மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது. ஆண்களும் இளையவர்களும் முதலில் கிளம்பினார்கள். பத்து நிமிடம் கழித்துக் கடைசியாக நாங்கள் இருவர். ஏற்றத்திலேயே மும்தாஜைத் தாண்டிவிட்டேன். சிற்றூருக்கு முன்னால் ரிப்பன் இடப்பக்கம் திரும்பி ஓடைக்குள் இறக்கியது. முழங்கால் அளவு சேறு. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்து, சுற்றி மேலே வந்து, இறக்கத்தை முடித்து மூச்சு வாங்க வந்து நின்றால், மும்தாஜ் பாறையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க டீச்சர். ஒரு சுளை?”

என்னை அவர் தாண்டவே இல்லை. அதை நான் உறுதியாகச் சொல்வேன். என் பார்வை தானாக அவர் டயருக்குப் போனது. என் சைக்கிள் கரும் சேற்றில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. அவர் டயரில் செம்மண் தூசி மட்டும். ஓடையைக் கடந்த டயர் அப்படி இருக்க முடியாது. சுளையை வாங்கிக்கொண்டேன், வாயில் போட மனம் வரவில்லை.

புதன்கிழமை இறக்கப் பயிற்சி. வியாழன் இரண்டாவது பந்தயம். இந்த முறை அடிக்கடி திரும்பிப் பார்த்தபடி ஓட்டினேன், இரண்டு முறை கல்லில் இடித்துக்கொண்டேன். சிற்றூர் வரை அவர் பின்னால் இருந்தார். முடிவில் மறுபடியும் முன்னால் இருந்தார். டயர் மறுபடியும் சுத்தம். அதோடு புதிதாக ஒன்று: அவர் கால் உறையில் பொன்னிறத்தில் ஏதோ உமி ஒட்டியிருந்தது. கொல்லைக்குள் புகுந்து குறுக்குவழியில் வருகிறார், வேறென்ன?

அன்று சாயங்காலம் சந்தேகம் இன்னும் முற்றியது. கடைத்தெருவில் ஒரு கிராமத்துப் பெண்ணிடம் மும்தாஜ் ரூபாய் நோட்டை நீட்டுவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சிரித்துக் கையசைத்தார். வழிகாட்டக் கூலியா, வாயை மூடக் கூலியா? தேர்வு அறையில் ஒரு பெண் சிரித்தபடி கையை மேசைக்கடியில் வைத்தால் ஆசிரியைக்கு என்ன தோன்றுமோ, அதுதான் எனக்கும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் பிரபுவைத் தனியாகக் கூப்பிட்டேன். டயர், உமி, நோட்டு, மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் தாடியைச் சொறிந்தார்.

“டீச்சர், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நாளைக்கு சாயந்திரம் ஞாயிறு ரேஸுக்கு லிஸ்ட் போட்ருவேன். அதுக்குள்ள உறுதியா சொன்னீங்கன்னா, அவங்க பேரை எடுத்துடறேன்.”

“எடுத்துவிட்டால்?”

“இன்னா கேள்வி? நீங்கதான் போவீங்க.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை உறங்கவிடவில்லை. என் ஒரு சொல்லில் அவர் வெளியே, நான் உள்ளே. விடைத்தாளைத் திருத்துபவரே அந்தத் தேர்வை எழுதினால் எப்படி இருக்கும்? ஆகவே சனிக்கிழமை, ஓய்வு நாளில், சைக்கிளை விட்டுவிட்டுப் பாதை முழுக்க நடந்து பார்ப்பது என்று கிளம்பினேன்.

சிற்றூருக்கு முன்னால், இடப்பக்கம் திரும்பும் இடத்தில் நின்றேன். பிரபு ரிப்பன் கட்டினால் இரண்டு முடிச்சு, நீண்ட வால். இங்கே ஒரே முடிச்சு, கதிர்க்கட்டைக் கட்டுவதுபோல் முறுக்கிச் செருகியிருந்தது. நேராகப் போகும் வழியில் ஒரு நாவல் மரம்; அதன் கிளையில் அறுந்த மஞ்சள் ரிப்பனின் மிச்சம். யாரோ ரிப்பனை அறுத்து வேறு பக்கம் கட்டியிருக்கிறார்கள்! அந்த நோட்டு இதற்குத்தான். ஆள் வைத்து வழியையே மாற்றிய பெண்ணோடு ஐந்து நாள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

நேர் வழியில் விறுவிறுவென்று நடந்தேன். ஐம்பதடி போயிருப்பேன்.

“யம்மா! நில்லுங்க! அங்கயே நில்லுங்க!”

சாணி மெழுகிய அகலமான களம். நடுவில் சாமை குவிந்திருந்தது. முறத்தோடு நின்ற பெண் என் காலைத்தான் பார்த்தார். நோட்டு வாங்கிய அதே பெண், பெயர் குப்பம்மாள் என்று பிறகு தெரிந்தது.

“தானியம் கெடக்குது, ஷூவோட ஏர்றீங்களே?”

ஒரு காலைப் பின்னால் வைத்தேன். “அங்கே ரிப்பனை மாற்றிக் கட்டியது யார்?”

“நாங்கதான். இன்னா பண்றது? போன ஞாயித்துக்கெழம ஒருத்தன் டுர்ருன்னு சைக்கிள்ல களத்து மேலயே போய்ட்டான். கத்துனா காதுல வாங்கல. அதான் ஓடப் பக்கம் திருப்பி வுட்டோம்.”

“எல்லாரும் ஓடை வழியாகத்தான் போனார்களா?”

“ஒரு அம்மா மட்டும் இங்க வந்தாங்க. எறங்கி, ‘இப்டி போலாமாங்க’ன்னு கேட்டாங்க. செருப்ப கழட்னா போங்கன்னேன். ஷூவ கைல புட்சிக்கினு, சைக்கிள தோள்ல வச்சிக்கினு, ஓரமா நடந்து போனாங்க. மறுக்காவும் வந்தாங்க. நல்ல மாதிரி. ரெண்டு கிலோ சாமை வேணும்னு கேட்டாங்க, கடத்தெருவுல கொணாந்து குடுத்தேன்.”

நான் குனிந்து பார்த்தேன். களத்து ஓரத்தில் பொன்னிற உமி பரவிக் கிடந்தது.

திரும்பி வந்து பிரபுவிடம் சொன்னபோது அவர் முதலில் வரைபடத்தைப் பார்த்தார், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பாதை குறித்தபோது சாமை இன்னும் கொல்லையில் நின்றிருந்தது. களம் வெறும் மண் திட்டு. அவர் போட்ட பாதை களத்தின் ஓரமாகத்தான் போகிறது.

“அப்டின்னா சரியான வழியில ஓட்டுனது மும்தாஜ் மேடம் ஒருத்தர்தான். மத்த பதிமூணு பேரும் தப்பு ரூட்டு. நானே புகார் பண்ணிக்கணும் போல.”

பட்டியலில் இரண்டு பெயரும் இருந்தன. ஊராரிடம் பிரபு நேரில் போய்ப் பேசினார். ஞாயிறு பந்தயத்தில் களத்தருகே எல்லாரும் இறங்க வேண்டும், காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடக்க வேண்டும் என்று முடிவானது. இளைஞர்கள் முணுமுணுத்தார்கள்.

ஞாயிறு. களத்துக்கு முதலில் வந்தது நான்தான். ஆனால் என் விலை கூடிய காலணியில் மூன்று பட்டைகள், ஒரு திருகு. குனிந்து போராடிக்கொண்டிருந்தபோது மும்தாஜ் வந்து, குதிகாலால் ஒரு தட்டு, இன்னொரு தட்டு, இரண்டு ஷூவும் கையில்.

“மெதுவா கழட்டுங்க டீச்சர், பட்டை பிஞ்சிடும். நம்ம கடைக்கு வாங்க, நல்லதா தர்றேன்!”

குப்பம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அந்த இடைவெளியை அதன்பின் என்னால் மூட முடியவில்லை. வெளிமாநிலத்துக்கு மும்தாஜ் போகிறார்.

முடிவிடத்தில் அதே பாறை, அதே ஆரஞ்சு. இந்த முறை சுளையைத் தின்றேன். “ஏன் என்னிடம் சொல்லவே இல்லை?” என்று கேட்டேன்.

“செருப்பு விக்கிறவ நான். எங்க கழட்டணும்னு எனக்குத் தெரியாதா? நேர் வழியில நாவ மரத்துலயும் ரிப்பன் துண்டு தொங்குச்சே, எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன். ஓடப் பக்கம் போறவங்க ஷூவ கழட்ட சோம்பல்பட்டுப் போறாங்கன்னு இருந்தேன்.” கொட்டையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். “ஆனா செவ்வாக்கெழமையே என் டயர உத்து உத்துப் பாத்தீங்க. இன்னாடா, கேப்பாங்கன்னு பாத்தா, நாலு நாளா கேக்கவே இல்ல. அப்ப, ஏதோ மனசுல வச்சிக்கினு இருக்கீங்கன்னு எனக்கும்தான் உங்க மேல சந்தேகம் வந்துச்சு.”

இப்போதும் அந்த மாணவிக்குச் சொன்ன பதில் தவறென்று நான் நினைக்கவில்லை. தடயம் பேசும்தான். சுத்தமான டயர் ‘இவர் ஓடையில் இறங்கவில்லை’ என்று சரியாகத்தான் சொன்னது. மிச்சத்தை நானாகச் சேர்த்துப் படித்துக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர், டிசம்பரில் பகலில் ஓட்ட இதமாக இருக்கும், ஆனால் அதுதான் சாமை அடிக்கும் காலம். பணத்தை மலையேறும் முன் போளூரிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். டியூப் இரண்டு வைத்திருங்கள், மலையில் மலைச் சைக்கிள் டியூப் கிடைக்காது. பட்டை குறைந்த காலணி நல்லது. திரும்பும் பஸ் நேரத்தை முதல் நாளே கேட்டு வையுங்கள். நான் கேட்கவில்லை, வாணியம்பாடிக் காரில்தான் இடம் கிடைத்தது, மடியில் சாமைப் பையோடு.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். அடுத்த முறை ரிப்பன் கட்டிய பாதையில் ஓர் ஊருக்குள் நுழையும்போது, சைக்கிளிலிருந்து இறங்கி, முதலில் கண்ணில் படுபவரிடம் “இப்படிப் போகலாமா?” என்று கேளுங்கள்.