செவுளின் சிவப்பு

எழுபதுகளில் மாமல்லபுரம் பக்கம், கடல் மீன்களை ஆராயும் ஒரு சிறிய கூடத்தின் நூலகத்தில் நான் குமாஸ்தா. வாசலில் மீன் விற்க வரும் அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒல்லியான உடம்பு, வெற்றிலைச் சிவப்பேறிய பற்கள். யாரும் கேட்காமலே ஒவ்வொரு மீனின் செவுளையும் விரலால் தூக்கி, மீன் புதுசு என்பதற்கு அதன் சிவப்பைக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்வார்.

நூலகத்துக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். ஒருநாள் அவர் கூடையைத் தரையில் வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“கடல்ல இன்னாமோ கலக்குதுன்னு குப்பத்துல பேசிக்கிறாங்க நைனா. சோதிக்கறதுக்கு உங்க ஆளுங்க எங்கிட்டதான் மீன் வாங்கினு போனாங்க. எயுதிட்டாங்களாமே, பயம் ஏதாச்சும் கீதா?”

அந்தச் சோதனை பற்றிய கட்டுரை என் மேசையில்தான் இருந்தது. ஆங்கிலம் தெரிந்த எனக்கே அந்த ஆங்கிலம் புரியவில்லை. கடைசிப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

“பயமில்லைன்னுதான் நினைக்கிறேம்மா.”

“நெனக்கிறியா?”

கூடையிலிருந்து ஒரு சங்கரா மீனை எடுத்துக் கம்பிக்குள் நீட்டினார்.

“அப்ப இத்த வூட்ல ஆக்கித் துன்னு. நாளைக்கு உன்னப் பாத்துட்டு எம் புள்ளைங்களுக்கு ஆக்கறேன்.”

வாங்கிக்கொண்டேன். அன்றுதான் முதல்முறையாக அவர் செவுளைத் தூக்கிக் காட்டவில்லை.