சட்டையில் ஏறிய மாப்பிள்ளை

நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, தீலியா தெருவைப் பார்க்கிறாள். யாராவது அகப்பட மாட்டார்களா என்கிற பார்வை. எங்கள் தீவில் பெண்கள் எல்லோரும் மோலா தைப்பவர்கள்தான். நிறநிறமாய்த் துணிகளை அடுக்கி, மேல்துணியை வெட்டி மடித்து, அடியிலிருக்கும் நிறத்தை எட்டிப்பார்க்க வைத்து, சட்டையின் மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. மற்றவர்கள் ஆமை தைத்தால் அது ஆமை. தீலியா தைத்தால் அது யாரோ ஒருவர்.

பங்கு மீனில் இரண்டை அமுக்கிய கொழுந்தன் அலகுப்பை தொங்கும் கூழைக்கடா ஆனான். அந்தச் சட்டையோடு அவள் தண்ணீர் பிடிக்கப் போனாள். ஊர் சிரித்துத் தீர்த்தது. "பறவையத்தானே தச்சேன்! அவனுக்கு ஏன் குத்துது?" என்றாள் அப்பாவியாக.

சமீபத்தில் மகள் நெல்வாவுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை பெண்வீட்டோடு வந்து இருப்பதுதான் எங்கள் வழக்கம். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் செபெரீனோ விறகு வெட்டப் போகிறேன் என்று போய்த் தோணியிலேயே தூங்குகிறவன். தீலியாவின் கை சும்மா இருக்குமா? மார்புத் துண்டில் சிவப்பாய் ஒரு நண்டு ஏறியது. அடுத்தவன் சங்குக்குள் குடியிருக்கிற நண்டு! முதுகுத் துண்டு தைக்குமுன்பே ஊர் பார்த்துவிட்டது. செபெரீனோ தான் படுக்கும் வலைத்தூளியைச் சுருட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

"உன் ஊசிக்கு என் புருஷன்தான் கெடச்சாரா? அந்த நண்டப் பிரிச்சுப் போடும்மா!"

"தச்சதப் பிரிக்கிற பழக்கம் எனக்கில்லடி. கண்ணப் பாரு, அப்படியே மாப்ள!"

"சரி, வெச்சுக்கோ. நானும் அங்கயே போயிடறேன்."

தீலியாவின் ஊசி பாதியில் நின்றது. பெண் போய் மாமியார் வீட்டில் குடியிருப்பதா? எங்கள் தீவில் யாரும் கேள்விப்படாத அவமானம். அதைவிட, நெல்வா இல்லாத வீட்டில் அவள் யாரோடு சண்டை போடுவாள்? அன்றைக்கே முதுகுத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மார்பும் முதுகும் ஜோடியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசி பிடிக்கத் தெரியாதவள் என்பார்கள். தீலியா இதுவரை அந்தப் பேர் வாங்கியதில்லை.

சட்டை முடிந்த காலையில் அதைப் போட்டுக்கொண்டு சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றாள். செபெரீனோவின் கண் நேரே நண்டின்மேல் விழுந்தது.

"அதையே போட்டுட்டு வந்து நிக்கிறீங்களே அத்த, இது நியாயமா?" என்றான்.

தீலியா மெல்லத் திரும்பி முதுகைக் காட்டினாள். அங்கே நண்டு இல்லை. கிழக்கிளி ஒன்று, பிளந்த அலகு, நீட்டிய நாக்கு, மூக்கில் தீலியா போட்டிருப்பது போலவே ஒரு தங்க வளையம்.

சம்பந்தியம்மாள்தான் முதலில் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரிக்கும்வரை தீலியா முகத்தைத் திருப்பவில்லை.