நிஜாமுதீனின் எலிகளும் மணப்பட்டு எல்லம்மாளும்

வில்லியனூர் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஹபீப் முகமதுவின் மகன் நிஜாமுதீன் டாக்டருக்குப் படித்தும் ஊரில் ஆஸ்பத்திரி போடவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரியின் பின்கட்டில் எலிகளோடு பன்னிரண்டு வருடம் கழித்தார். "தலைவலிக்கு மாத்திர கேட்டாக்கூட முழிக்கிறான்பா" என்று அவர் அத்தா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அலுத்துக்கொள்வார்.

ஓர் எலியின் கணையத்தைக் கரைத்து, இன்சுலின் சுரக்கும் செல்திட்டுகளை மட்டும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். சர்க்கரை நோய் வரவழைத்த இன்னோர் எலியின் ஈரலுக்குள் அவற்றைச் செலுத்த வேண்டும். ஐந்நூறு பொறுக்குவதற்குள் கழுத்து மரத்துவிடும். கரைக்கிற மருந்தோ மெட்ராஸ் கஸ்டம்ஸில் கிடந்து வீரியம் போய் வந்து சேரும்.

1978 ஆடியில் ஓர் எலிக்குச் சர்க்கரை இறங்கியது. ஒரு வாரமாகியும் ஏறவில்லை. எலிகளைப் பார்த்துக்கொள்ளும் சம்மந்தம் அந்தச் சேதியைத் தன் ஊரான மணப்பட்டுக்கு எடுத்துப்போனார்.

மறுநாளே மீன்கூடையோடு குப்பு வந்து நின்றாள். அவள் மகள் எல்லம்மாளுக்குப் பதினேழு வயது. மூன்று வருடமாகத் தினம் இன்சுலின் ஊசி.

"எலிக்கு நின்னுபோச்சாமே டாக்டரே. எம் பொண்ணுக்கும் அதயே வெச்சி வுடு."

"இப்பத்தாம்மா ஆரம்பிச்சிருக்கு. மனுசங்களுக்கு வர்றதுக்கு நாளாவும்."

"எத்தினி நாளு?"

காலையிலிருந்து குனிந்து உட்கார்ந்திருந்தவருக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. "பாக்கலாம்மா" என்றார்.

பத்தொன்பதாம் நாள் எலியின் சர்க்கரை மறுபடி ஏறியது. வெளியிலிருந்து வந்த செல்களை உடம்பு அழித்துவிட்டது. இதைக் குப்புவுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சம்மந்தம் ஓடிவந்தார். எல்லம்மாள் மேல்மூச்சு வாங்கிக் கிடக்கிறாள், கூப்பிட்டால் கண் திறக்கவில்லை என்றார். நிஜாமுதீன் கல்லூரி வேனில் மணப்பட்டுக்கு விரைந்தார்.

"நீதான பாக்கலாம்னே!" குப்பு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "புதுசு வரப்போவுதே, இன்னும் இன்னாத்துக்குக் குத்திக்கினு கெடக்கணும்னு அஞ்சு நாளா ஊசிய வுட்டுட்டா."

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உப்புத் தண்ணீரும் இன்சுலினும், சர்க்கரை இறங்கிய பிறகு குளுக்கோஸுமாக ஏற்றினார்கள். அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் அவள் கண் திறந்து, வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"வெச்சிட்டீங்களா சார்?"

"இல்லம்மா. அந்த எலிக்கே நிக்கல."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் ஆறு வருடம் அவர் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார். முப்பத்தொரு நாளுக்கு மேல் எந்த எலிக்கும் தாங்கவில்லை. கடைசியில் அந்த அறையை வேறு துறைக்குக் கொடுத்தார்கள். அவர் வீட்டுக்குப் போய் ஒரு பகலும் இரவும் தூங்கினார்.

பிறகு ஞாயிறுதோறும் மணப்பட்டுக்குப் பக்கத்தில் பாகூரில் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்தார். எல்லம்மாளும் வருவாள். சிரிஞ்சைக் கொதிக்கவைப்பது, ஊசி போடும் இடத்தை மாற்றுவது என்று அதைப்பற்றி மட்டும் பேசுவார்கள்.