துணிக்கடையில் இருந்த யூனான் ஞானி

நான் அப்போது மட்டக்களப்புப் பட்டினத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் லத்தீன் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு நாவற்குடாவில். காலையில் சைக்கிளில் கல்லடிப் பாலத்தைக் கடந்து போவேன், பின்னேரம் வாவிக் காற்றை எதிர்த்து மிதித்துத் திரும்புவேன். கல்யாணமாகிச் சில வருடங்கள். வீட்டில் ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது.

பள்ளி நூலகத்தில் ஒரு அலுமாரியை யாரும் திறப்பதில்லை. தன் தேசத்துக்குத் திரும்பிப்போன பாதிரியார் ஒருவர் விட்டுச்சென்ற கிரேக்க நூல்கள் அதில் இருந்தன. லத்தீன் தெரிந்த துணிவில், ஒரு இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாகவே கிரேக்கம் படிக்கத் தொடங்கினேன். தட்டுத்தடுமாறித்தான் படித்தேன். லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படிப்பவர்கள் எல்லாரும் கிரேக்கத்தின் பொற்காலத்தோடு நின்றுவிடுவார்கள். என் மனம் போனது அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் பிந்திய காலத்துக்கு. ரோமப் பேரரசு தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அலெக்சாந்திரியா போன்ற துறைமுகப் பட்டினங்களில் பழைய கோயில் பூசாரிகளும் யூதரும் புதிதாய்க் கிறிஸ்தவரானவர்களும் தத்துவம் பேசுவோரும் ஒரே தெருவில் நடந்து, ஒருவர் பேச்சை ஒருவர் ஒட்டுக்கேட்டு, சண்டையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இது எனக்குத் தூரத்துச் சங்கதியாகத் தெரியவில்லை. காலையில் வீட்டில் திருநீறு பூசிக்கொண்டு புறப்பட்டு, பள்ளியில் லத்தீன் செபத்துக்கு எழுந்து நின்று, பின்னேரம் திரும்பும்போது காத்தான்குடிப் பக்கமிருந்து காற்றில் வரும் பள்ளிவாசல் பாங்கொலியைக் கேட்கிறவன் நான்.

அந்த அலுமாரியில் என்னைப் பிடித்து வைத்தவர் எகிப்தில் பிறந்து ரோமில் போய்ப் படிப்பித்த ஒரு தத்துவஞானி. எல்லாம் ஒன்றிலிருந்து பெருகி வந்தன, எல்லாம் அந்த ஒன்றுக்கே திரும்ப ஏங்குகின்றன என்பது அவருடைய போதனை. எங்கள் பகுதியில் அவரைப் படித்தவன் நான் ஒருவன்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

தங்கையின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கக் காத்தான்குடிக்குப் போன அன்றுதான் அந்தப் பெருமை போனது.

கடைக்காரருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூடுதலாக இருக்கும். மெலிந்த ஆள், வெள்ளைத் தொப்பி, கன்னத்தில் ஒரு மச்சம். இளமையில் இந்தியாவுக்குப் போய் அரபு மதரசாவில் ஓதியவர். தகப்பன் மௌத்தானதும் திரும்பி வந்து கடையில் உட்கார்ந்துவிட்டார். என் தங்கையும் மனைவியும் சேலைகளைப் புரட்டிப் புரட்டி முடிவுக்கு வராமல் இருந்தார்கள். அவர் மெல்ல ஒரு தடித்த அரபுப் புத்தகத்தை விரித்து, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கிவிட்டார்.

"நபிமொழி ஹதீதா காக்கா?" என்று, அங்கே அண்ணனை அழைக்கும் சொல்லால், பேச்சுக்குக் கேட்டேன்.

"இல்ல மாஸ்டர். இது யூனான் தேசத்து ஆள் ஒருத்தர்ர கிதாபு. வாப்பா ஹஜ்ஜுக்குப் போய் வரக்குள்ள பம்பாயில வாங்கினது."

யூனான் என்றால் கிரேக்கம். யார் எழுதியது என்று கேட்டேன். முன்பக்கத்தைப் பார்த்துச் சொன்னார்: பழைய கிரேக்க ஆசான்களில் உலகமெல்லாம் அறிந்த ஒருவர் எழுதியது, சிரியா தேசத்துக் கிறிஸ்தவர் ஒருவர் அரபுக்கு மாற்றியது. அந்த ஆசானின் நூல்களை நான் அறிவேன். விரித்திருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். விரலை வரிக்கு வரி நகர்த்தித் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவர் தன் உடம்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்தவர்போலத் தனக்குள்ளே போய் இருந்ததைப் பற்றிய இடம் அது.

கேட்கக் கேட்க எனக்கு அடையாளம் தெரிந்தது. அது முன்பக்கத்தில் பெயர் போட்டிருந்தவரின் பேச்சல்ல. என் அலுமாரி ஞானியின் பேச்சு.

"இதுக்கு அடுத்ததாக, அங்கேயிருந்து எப்படி மறுபடி உடம்புக்குள்ள இறங்கினன் எண்டு அவர் ஆச்சரியப்படுவார்," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குனிந்து அடுத்த வரியைப் படித்தார். பிறகு புத்தகத்தை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"மாஸ்டருக்கு அரபு தெரியுமா?"

"ஒரு எழுத்தும் தெரியா."

சேலை எடுத்தார்களா, என்ன நிறம், ஒன்றும் எனக்கு நினைவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு கடை பூட்டியிருக்கும், அப்போது வாருங்கள் என்று அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

அப்படித் தொடங்கின எங்கள் வெள்ளிக்கிழமைகள். கடைக்குப் பின்னால் அவர் வீடு. முன்மண்டபத்தில் பாய் விரித்து, அவர் அரபுப் புத்தகத்தோடும் நான் கிரேக்கப் புத்தகத்தோடும் எதிரெதிரே உட்காருவோம். உள்ளேயிருந்து இஞ்சி போட்ட தேத்தண்ணியும் தேங்காய்ப்பூ ரொட்டியும் வரும். முதலில் அவர் ஒரு பகுதியைத் தமிழில் சொல்வார். அது என் புத்தகத்தில் எங்கே கிடக்கிறது என்று நான் தேடுவேன். சில நாள் உடனே அகப்படும். சில நாள் அஸர் தொழுகைக்கு அவர் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பி வரும்வரையும் நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அகப்பட்டதும் நாங்கள் பட்ட சந்தோசத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இரண்டு வளர்ந்த மனிதர்கள், ஆளுக்கொரு புத்தகத்தின்மேல் குனிந்து, "கிடைச்சுட்டு காக்கா" என்றும் "சொல்லுங்க, சொல்லுங்க" என்றும்.

மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சொல் சரியாக இல்லை. மாற்றியவர் சில இடங்களை விட்டிருந்தார், சில இடங்களை முன்பின்னாக வைத்திருந்தார், சிலதைத் தானாகவே சேர்த்திருந்தார். வித்தியாசங்களைக் குறித்துக்கொண்டு போனோம். ஒருநாள் பெரிய வித்தியாசம் ஒன்றில் போய் முட்டினோம். கிரேக்கத்தில் அந்த ஒன்று எதையும் செய்வதில்லை. நிறைந்திருக்கிறது, நிறைவு பெருகுகிறது, அவ்வளவுதான். அரபிலோ அதே இடத்தில் படைத்தவன் என்று இருந்தது.

"உங்கட புத்தகத்தில படைச்சான் எண்டு இல்லையா?" என்றார்.

"இல்ல காக்கா. வழிஞ்சு பெருகினது எண்டுதான் இருக்கு."

"வழியிறது வேற, படைக்கிறது வேற மாஸ்டர். மாரியில ஆறு நிறைஞ்சு வழியுது. அது வழியணும் எண்டு நினைச்சா வழியுது? படைக்கிறதுக்கு ஒரு நாட்டம் வேணும்."

நான் என் ஞானிக்காக வாதாடினேன். சூரியன் நினைத்துப் பார்த்தா ஒளிவிடுகிறது என்று கேட்டேன். அவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டார். அன்று தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனபோது, அவர் இல்லை என்று வாசலில் நின்ற கடைப் பையன் சொன்னான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் இல்லை.

இருக்கிறார், என்னைக் காண விருப்பமில்லை என்று எனக்கு விளங்கியது. மிகவும் வெறுமையாக இருந்தது. மனைவி அதைக் கவனித்திருக்கவேண்டும். அவள் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் படிப்பை அவள் கேலி செய்தாளே தவிர ஒருநாளும் தடுத்ததில்லை.

"செத்துப் போன ஆக்கள்ர பேச்சுக்கு உசிரோட இருக்கிற ஆக்கள் கோவிக்கிறதா?" என்றாள். "நீங்க ஒருக்காப் போய்ப் பாருங்களன்."

"அவர் வரட்டும்," என்றேன்.

வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறமுன், குடையோடு எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அதற்குமுன் எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததில்லை. மனைவி கதிரையைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்து, முன்னரே மனதில் அடுக்கிவைத்திருந்ததுபோலப் பேசினார்.

"மாஸ்டர், நான் இந்தக் கிதாபை மாத்தின ஆளைப் பத்தித்தான் யோசிச்சிக்கிட்டு இருந்தன். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். கடவுள் படைச்சார் எண்டு நம்புற மனுசன். இந்த இடம் அவருக்கும் தொண்டையில நிண்டிருக்கு. எனக்கு நிண்ட மாதிரியே. அதாலதான் மாத்தி எழுதியிருக்கார்."

"அப்படித்தான் இருக்கணும்."

"நான் அவர்ர பக்கம். அதில மாத்தமில்ல. ஆனா உங்கட ஆள் உண்மையில என்ன சொன்னார் எண்டதும் எனக்குத் தெரியணும். நீங்க அவருக்காகப் பேசுங்க. நான் இவருக்காகப் பேசுறன்."

என் மனைவி இளநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்துவிட்டு, குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். பிறகு எவ்வளவோ வாதாடியிருக்கிறோம். ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை.

எங்களுக்குள் ஒரு பெரிய எண்ணமும் வளர்ந்துகொண்டிருந்தது. அந்தப் புத்தகம் பிழையான பெயரில் உலவுகிறது என்று கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான் என்பதே அது. ஆயிரம் வருடத்துப் பிழை, அதைத் திருத்தியது காத்தான்குடித் துணிக்கடை. பொருந்தும் இடங்களையெல்லாம் ஒழுங்காக எழுதி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை ஆக்கினேன். அவ்வருடம் பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். விழா முடிந்து, வாவியைப் பார்த்த விறாந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் கட்டுரையைக் கொடுத்தேன். நல்ல மனிதர். அங்கேயே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"மிக அழகாகச் செய்திருக்கிறீர்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஆனால் இதை ஜெர்மனியில் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். நீங்களும் நானும் பிறப்பதற்கு முன்னரே."

நான் நன்றி சொன்னேன். வேறு என்ன பேசினேனோ தெரியாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே காத்தான்குடிக்குப் போனேன். இவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் வழி முழுதும் என் கவலை. கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை நின்று, பேராசிரியர் சொன்னதைச் சொன்னேன்.

அவர் அளவுகோலைக் கையில் வைத்தபடி யோசித்தார்.

"அந்த ஜெர்மன்காரர் எந்தப் பேரைச் சொன்னாராம்? நாம சொன்ன ஆளையா?"

"ஓம். அவரையேதான்."

"அப்ப நாம பிழை விடல்ல," என்றார்.

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைப் பையனை அனுப்பி மஸ்கத் அல்வா வாங்கிவரச் சொன்னார். "பெரிய பெரிய ஆக்கள், பெரிய நூலகமெல்லாம் வெச்சிக்கிட்டுக் கண்டதை நாம பாயில இருந்து கண்டிருக்கம். இதுக்கு ஏன் மாஸ்டர் மூஞ்சியத் தொங்கப்போடுறீங்க?" அன்று எனக்கு அந்த இனிப்பு ருசிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், நாவற்குடாச் சந்தியை நெருங்கும்போதுதான் எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. திருகோணமலையில் குண்டு விழுந்த செய்தி கேட்டுப் பட்டினத்துச் சனம் கிடைத்த வள்ளங்களில் ஏறி வாவிக்கு அப்பால் போனார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் படுவான்கரைக்கு அனுப்பினேன். பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. வகுப்புகள் ஓலைக் கொட்டில்களுக்கு மாறின. நூலகப் புத்தகங்களைப் பெட்டிகளில் அடைக்கும்போது, அந்தக் கிரேக்க நூல்களை வீட்டில் வைத்துக்கொள்ளப் பள்ளி அதிபரிடம் அனுமதி கேட்டேன். அவற்றை வேறு யாரும் கேட்கப்போவதில்லை என்று சொல்லித் தந்தார்.

துணிக்குக் கட்டுப்பாடு வந்து அவர் கடைத் தட்டுகள் வெறிச்சோடிக் கிடந்தன. விற்கத் துணி இல்லை, எனக்கு வீட்டில் ஆள் இல்லை. நாங்கள் ஆகக் கூடப் படித்தது அந்தக் காலத்தில்தான். வெள்ளிக்கிழமை என்ற கணக்கே போய்விட்டது. அப்போதுதான் அவர் சொன்னார், "இதைத் தமிழில ஆக்குவம் மாஸ்டர். ஜெர்மன்காரர் அதைச் செய்திருக்கமாட்டார்."

சொற்கள்தான் எங்களைப் படாதபாடு படுத்தின. ஆன்மா என்று நான் எழுதினால், அது உங்கள் கோயில் சொல் என்பார். றூஹு என்று அவர் சொன்னால், நாவற்குடாவில் யாருக்கு விளங்கும் என்பேன். உயிர் என்ற சொல்லில் வந்து நின்றோம். அந்த முதற்பொருளுக்கு நான் ஏகம் என்றேன், அவர் அஹது என்றார். நாட்கணக்காக இழுபட்டோம். ஒரு பின்னேரம் அவர் களைத்துப்போய், "ஒண்டு எண்டு போடுங்களன்," என்றார். போட்டுப் படித்துப் பார்த்தோம். எல்லா இடத்திலும் பொருந்தி இருந்தது.

நோன்பு மாதத்தில் ஒருநாள் கடைசிப் பகுதியை முடித்தோம். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பகல் முழுதும் அவர் குரல் கம்மப் படித்தார். நானும் அன்று அவரோடு ஒன்றும் குடிக்கவில்லை. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை முதலில் என் கையில் வைத்தார். கஞ்சியில் தேங்காய்ப்பால் வாசம் தூக்கியது. உள்ளேயிருந்து அவர் மனைவி, "முடிஞ்சுட்டா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "முடிஞ்சுட்டு," என்றார் அவர். குரலில் ஒரு துக்கம் இருந்தது.

அச்சிட ஆசைப்பட்டோம். கடதாசித் தட்டுப்பாடு விடவில்லை. யுத்தம் முடிந்தபிறகு பள்ளிச் சஞ்சிகையில் சில பகுதிகள் வந்தன. வாசித்தவர்கள் மிகக் குறைவு. அவர்களில் ஒருவர் தெருவில் என்னை நிறுத்தி, உயிர் ஏன் இறங்கி வந்தது என்று கேட்டார். நான் நண்பரின் கடைக்கு வழி சொல்லி அனுப்பினேன்.

சில வருடங்களில் எனக்கு மலைநாட்டுப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றம் வந்தது. மட்டக்களப்பு ஸ்டேசனுக்கு அவர் வந்திருந்தார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சட்டைத்துணியும், மனைவிக்கு ஒரு சேலையும் பொதியாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். வண்டி புறப்படும்வரை ஊர்ப்பாடு, மழை, வேளாண்மை என்று பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அங்க போய் ஆரோட படிப்பீங்க மாஸ்டர்?"

நான் பதில் சொல்லுமுன் வண்டி அசைந்தது. அவர் கொஞ்சத் தூரம் கூடவே நடந்து வந்து, பிறகு நின்றுகொண்டார்.

நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் அந்தக் கிரேக்கப் புத்தகத்தை நான் பலமுறை விரித்திருக்கிறேன். என் கண் கிரேக்க எழுத்தில் ஓடும். காதில் விழுவது மட்டும் காத்தான்குடித் தமிழ். அந்த ஞானி எகிப்தில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியும், ரோமில் படிப்பித்தவர் என்பதும் தெரியும். ஆனாலும் அவர் வேறு எந்தக் குரலிலும் என்னோடு பேசியதில்லை.