தலைமன்னாருக்கு ஏழு பேர், பேட்டிங்குக்கு நாலு பேர்

இன்று காலை கூடலூரிலிருந்து ஒரு வீடியோ கோல்.

செல்வராஜ். பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்கிறான்.

"கேப்டன், இப்பவாவது உண்மையச் சொல்லு. அன்னைக்குச் சீட்டுல களவு பண்ணுனியா?"

அறுபதுகளின் கடைசியில், இங்கே இலங்கையில், மாத்தளையில் படித்தபோது நடந்தது. எங்கள் கிரிக்கெட் டீமில் பதினொரு பேரும் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். (பந்து போடும் நேரம் தவிர எல்லோரும் சாதுக்கள்.)

தோட்டத்து ஆட்களில் ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நாலு பேர் இங்கே இருக்கலாம் என்று இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் அப்போது கையெழுத்துப் போட்டிருந்தன.

மேட்சுக்கு முதல் நாள் இதே தலைப்பில் விவாதப் போட்டி. "ஏழு போதாது, எல்லாரையும் அனுப்பணும்" என்று மேசையைத் தட்டிப் பேசியவன் மறுநாள் மேட்சின் எதிரணி கேப்டன். கைதட்டல் வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம்தான் கணக்கு உறைத்தது. ஏழும் நாலும் பதினொன்று.

பின்னேரமே தொப்பியில் சீட்டுப் போட்டோம். ஏழில் 'போ', நாலில் 'இரு'.

செல்வராஜ் வீட்டுக்கு மட்டும் பயணக் கடிதம் வந்துவிட்டிருந்தது. அடுத்த மாதம் தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல். என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். அவனுக்கு 'இரு' வந்தது. எனக்கு 'போ'.

மறுநாள் எங்களுக்கு அறுபத்திரண்டு ஓட்டம் தேவை. நாலு பேர் பேட் கட்டினார்கள். ஏழு பேர் ட்ரங்குப் பெட்டியோடு பவுண்டரியில் வரிசையாக நின்றோம். முன்னால் ஒரு போர்டு: 'தலைமன்னார் கப்பல்'.

அம்பயராக நின்ற முஸ்லிம் நானா ஓடி வந்தார். "என்ன மகன் இது?"

"ஒப்பந்தப்படி நாங்க போறோம் சேர். அவங்க நாலு பேர்தான் இருக்காங்க."

கிரவுண்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அப்ப மூணு விக்கெட் போனா ஆல் அவுட். சரிதானே?"

(இதை நான் யோசிக்கவே இல்லை.)

பத்து ஓட்டத்துக்குள் இரண்டு விக்கெட் போய்விட்டது. பெட்டி மேல் உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிட்டேன். செல்வராஜ் அசையவில்லை. ஒவ்வொரு ஓட்டமாய்ப் பொறுக்கி ஜெயித்தே விட்டான்.

எதிரணி கேப்டன் வந்து அவன் கையைப் பிடித்தான். "இவன மட்டும் அனுப்ப வேணாம்."

செல்வராஜ் சிரித்தான். அடுத்த மாதம் போய்விட்டான்.

இன்று ஒப்புக்கொண்டேன். "ஆமாடா, களவுதான். ஒன் சீட்ட உள்ளங்கையில ஒளிச்சு வச்சிருந்தேன்."

"அன்னைக்கே தெரியும்டா. அதுனாலதான் அவுட்டாகாம ஆடினேன். அந்த நாட்டுல நான் இருக்கலாம்னு எழுதிக் குடுத்த ஒரே ஆள் நீதானே."

கோலைக் கட் பண்ணியது நான்தான். சிக்னல் இல்லை என்று மெசேஜ் போட்டிருக்கிறேன். யாரும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.